காற்றிடம் கற்ற பாடம்

மதுரை மாநகரில் வைகையாற்றின் வடகரையை அடுத்து அமைந்துள்ளது செல்லூர். தறியோசைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. முன்னாளில் அவ்வூரின் சந்துகளில் நடப்போர் செவியில் நாடா ஓடும் ஒலியும் மிதி எழும்பித் தாழும் ஒலியும் இடையறாது வந்து விழும். இந்நாளில் அவ்வொலி பெரிதும் குறைந்துவிட்டது. எனினும், நெசவுத் தொழிலின் நினைவு அவ்வூரை விட்டு அகன்றுவிடவில்லை.

வைகையில் வெள்ளம் பெருகும் நாட்கள் சில. மணலும் புல்லுமாக ஆறு கிடக்கும் நாட்களே பல. ஆடி மாதம் பிறந்ததும் மேற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும். நாகமலையைக் கடந்து வரும் அக்காற்று, தெருப்புழுதியை வாரி இறைக்கும். கொடியில் உலரும் துணிகளைப் பறிக்கும். தென்னங்கீற்றுகளைக் கிழக்கு நோக்கிச் சாய்க்கும். பெரியவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதனை வைவார்கள். சிறுவர்களுக்கோ அதுவே திருவிழா. பட்டங்களை ஏந்திக்கொண்டு அவர்கள் ஆற்றங்கரைக்கு ஓடுவார்கள்.

அச்சிறுவர்களுள் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். நெசவாளர் வீட்டுப் பிள்ளை அவன். சென்ற ஆண்டு அவன் விட்ட சிறு பட்டம் நன்கு பறந்தது. எனவே, இவ்வாண்டு அதனைப்போல் இருமடங்கு பெரிய பட்டம் ஒன்றைச் செய்தான். மூங்கிற்சிம்புகளைச் சீவினான், தாளை ஒட்டினான், தறியில் மிஞ்சிய நூலைச் சேர்த்துச் சேர்த்து முடிந்தான். சிறிய பட்டமே அவ்வளவு உயரம் சென்றதென்றால், பெரிய பட்டம் ஆனைமலையின் தலைக்கு மேலேயே சென்றுவிடாதா என்பது அவன் கணக்கு. தோழர்கள் நால்வர் உடன் வந்தனர். பட்டம் எழுந்தது, இருபது அடி சென்றது, தலைகீழாகத் திரும்பி மணலில் வந்து மோதியது. மீண்டும் விட்டான்; மீண்டும் மோதியது. மாலைக்குள் பத்து முறை எழுந்து, பத்து முறையும் விழுந்தது. தோழர்கள் முதலில் சிரித்தார்கள், பின்னர்ச் சலித்தார்கள், இறுதியில் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். சிறுவனின் கண்களில் நீர் திரண்டது. “இனிப் பட்டமே விடமாட்டேன்” என்று அவன் தனக்குள் கூறிக்கொண்டான்.

எளிய ஏமாற்றம்தான் அது. ஒரு சிறுவனின் மாலைப்பொழுது வீணாயிற்று, அவ்வளவே. ஆயினும், இதே ஏமாற்றத்தை, இதே காரணத்தால், உலகம் போற்றும் இருவர் ஒருகால் அடைந்தனர். சிறு வெற்றியை நம்பிப் பெரிய சிறகைச் செய்து, மணற்குன்றின்மேல் நின்று, மீண்டும் மீண்டும் தரையில் வந்து விழுந்தவர்கள் அவர்கள். “இனி இது நம்மால் ஆகாது” என்று அவர்களும் எண்ணினார்கள். அவர்கள் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் உடன்பிறந்தார் ஆவர்.

வில்பர் 1867ஆம் ஆண்டிலும் ஆர்வில் 1871ஆம் ஆண்டிலும் அமெரிக்க நாட்டில் பிறந்தனர். ஒகாயோ மாநிலத்து டேடன் நகரில் மிதிவண்டி செய்து விற்பதும் பழுது பார்ப்பதும் அவர்களது தொழில். கல்லூரிப் பட்டம் இருவருக்கும் இல்லை. கைத்திறனும் அறிவு வேட்கையும் இருந்தன. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு துயரச் செய்தி அவர்கள் காதுக்கு எட்டியது. செருமானிய நாட்டைச் சேர்ந்த ஆட்டோ லிலியந்தால் என்பார், தாமே செய்த சிறகுகளை அணிந்து, குன்றிலிருந்து காற்றில் சறுக்கிப் பறந்து காட்டியவர். ஏறத்தாழ இரண்டாயிரம் முறை அவ்வாறு பறந்தவர் அவர். கைகளால் சிறகைப் பற்றிக்கொண்டு, உடல் கீழே தொங்க, கால்களை இப்புறமும் அப்புறமும் வீசித் தம் எடையை மாற்றியே சிறகின் சாய்வை அவர் அடக்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், அவருடைய சிறகு நடுவானில் மூக்கை உயர்த்தி வேகமிழந்து நின்றது. மறுகணம் கீழே வீழ்ந்தது. முதுகெலும்பு முறிந்த அவர் மறுநாள் உயிர் நீத்தார். அவரது மறைவு ரைட் உடன்பிறந்தார் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பியது. பறப்பவன் தன் சிறகை அடக்கி ஆள்வது எவ்வாறு என்பதே அவ்வினா.

பறவைகளை உற்று நோக்கினர் இருவரும். பறவை ஒருபுறம் சாயும்போது சிறகின் நுனியை முறுக்குவதைக் கண்டனர். சிறகை அவ்வாறே முறுக்கும் வழியை வகுத்துக்கொண்டு, 1900ஆம் ஆண்டில் ஒரு சறுக்கு விமானத்தைச் செய்தனர். அதற்கு எந்திரம் இல்லை. காற்றே அதன் வலிமை. இடையறாத காற்றும், விழுந்தால் உடலை நொறுக்காத மணலும் உள்ள இடம் வேண்டுமெனத் தேடி, வட கரோலினா மாநிலத்தின் அத்திலாந்திக் கடலோரத்தில் உள்ள கிட்டி ஹாக் என்னும் சிற்றூரைத் தேர்ந்தனர். அவ்வாண்டு அந்த விமானத்தைப் பெரும்பாலும் பட்டத்தைப் போலக் கயிறு கட்டியே பறக்கவிட்டனர். அது தந்த நம்பிக்கை பெரிது. எனவே, மறுஆண்டு பெரியதொன்றைச் செய்யத் துணிந்தனர்.

1901ஆம் ஆண்டின் விமானம் 22 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்ட இரு சிறகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடையது. சிறகுகளின் பரப்பு 290 சதுர அடி. எடை 98 இராத்தல். அதுவரை அத்துணைப் பெரிய சறுக்கு விமானத்தில் எவரும் பறக்க முயன்றதில்லை. மரச்சட்டத்தின்மேல் அதற்குப் போர்த்தப்பட்டது மஸ்லின் துணி. பாவும் ஊடையுமாக நெருங்க நெய்த துணியே மனிதனை முதன்முதல் வானில் தாங்கிய சிறகு என்பதை எண்ணும்போது, தறியின் பெருமை புலனாகின்றது அன்றோ?

கிட்டி ஹாக்குக்குத் தெற்கே நான்கு மைல் தொலைவில் கில் டெவில் என்னும் மணற்குன்றுகள் உள்ளன. அவற்றுள் பெரியது ஏறத்தாழ நூறடி உயரம். அதன் அடிவாரத்தில் உடன்பிறந்தார் ஒரு மரக்கொட்டகை அமைத்துத் தங்கினர். தொடக்கமே தொல்லையாயிற்று. நாட்கணக்கில் மழை கொட்டியது. மழை ஓய்ந்ததும் கொசுக்கூட்டம் மேகம்போல் வந்து சூழ்ந்தது. போர்வைக்குள் புகுந்தால் புழுக்கம் தாங்கவில்லை. வெளியே தலையை நீட்டினால் கொசுக்கடி தாங்கவில்லை. இவ்வாறு பல இரவுகள் கழிந்தன.

பறத்தற்கலையில் ஈடுபட்ட வேறு மூவரும் அவ்வாண்டு அங்கு வந்து சேர்ந்தனர். ஒருவர் எட்வர்டு ஹஃபேக்கர். மற்றொருவர் மருத்துவம் பயின்ற ஜார்ஜ் ஸ்பிராட். மூன்றாமவர் ஆக்டேவ் சனூட் என்னும் முதியவர். இருப்புப்பாதைப் பொறியாளராகப் புகழ்பெற்ற அவர், பறக்க முயன்றோர் வரலாற்றை 1894ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர். 1896ஆம் ஆண்டில் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் தாமே சறுக்கு விமானங்களைச் சோதித்தவர். ஒரே வேட்கை கொண்டவர்கள் ஒரே கூரையின்கீழ்க் கூடினர். எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது.

சூலை 27ஆம் நாள் சோதனை தொடங்கியது. வில்பர் கீழ்ச்சிறகின் நடுவே குப்புறப் படுத்துக்கொண்டார். இருபுறமும் இருவர் சிறகைப் பற்றி ஓடிக் காற்றில் விட்டனர். சில கசம் சென்றதும் விமானம் மூக்குக் குத்தித் தரையில் வந்து நின்றது. படுத்த இடம் முன்னால் இருக்கிறது போலும் என்று எண்ணி, வில்பர் சற்றுப் பின்னே நகர்ந்து படுத்தார். மீண்டும் அதுவே நிகழ்ந்தது. இன்னும் நகர்ந்தார், இன்னும் விழுந்தார். கணக்கிட்ட இடத்திற்கு ஏறத்தாழ ஓரடி பின்னே சென்ற பிறகே விமானம் காற்றில் நின்றது. அப்பொழுதும் அது அலைமேல் படகுபோல் எழுந்தும் தாழ்ந்தும் முந்நூறு அடிக்குச் சற்று மேற்பட்ட தொலைவு சென்று இறங்கியது.

பார்த்திருந்தோர் கை தட்டினர். அது பெருவெற்றி என்றே அவர்கள் கருதினர். விமானத்தில் படுத்திருந்த வில்பரோ மகிழவில்லை. முந்திய ஆண்டு சிறிதளவு அசைத்தாலே பணிந்த விமானம், இவ்வாண்டு முழு வலிமையோடு திருப்பினாலும் பணிய மறுத்ததை அவர் ஒருவரே உணர்ந்திருந்தார். மற்றொரு முறை அது மூக்கை மேலே தூக்கி நடுவானில் வேகமற்று நின்றது. லிலியந்தாலின் உயிரைக் குடித்த அதே நிலை! கீழே நின்றோர் கூவி எச்சரித்தனர். விமானத்தின் முன்புறம் அமைத்திருந்த சிறிய கிடைச்சிறகு அவரைக் காத்தது. விமானம் தலைகீழாகப் பாயாமல், கிடந்தவாறே மெல்ல மணலில் இறங்கியது.

உடன்பிறந்தார் சிறகின் வளைவைக் குறைத்துப் பார்த்தனர். விமானம் ஓரளவு பணிந்தது. ஆகஸ்டு 8ஆம் நாள் 389 அடி தொலைவு சென்றது. ஆயினும், பெருங்குறை ஒன்று தீரவில்லை. கணக்குப்படி அச்சிறகு தூக்கவேண்டிய எடையில் மூன்றில் ஒரு பங்கையே அது தூக்கிற்று. அதனினும் கொடிய குறை மறுநாள் வெளிப்பட்டது. திரும்புவதற்காகச் சிறகை முறுக்கியபோது, விமானம் எண்ணிய பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் சுழன்று தரையில் மோதிற்று. வில்பரின் கண்ணும் மூக்கும் காயமுற்றன. எந்த முறையைத் தங்கள் தனிக் கண்டுபிடிப்பென்று நம்பியிருந்தனரோ, அம்முறையே அவர்களைக் கைவிட்டது போல் தோன்றியது.

தோழர்கள் விடைபெற்றுச் சென்றனர். மீண்டும் மழை பிடித்துக்கொண்டது. ஆகஸ்டுத் திங்கள் முடிவதற்கு முன்பே உடன்பிறந்தார் மூட்டை கட்டினர். இதுவரை எவரும் செய்ததைவிட நீங்கள் மிகுதியாகச் செய்துள்ளீர்கள் என்று சனூட் தேற்றியும் அவர்கள் உள்ளம் தேறவில்லை. இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மனிதன் பறக்கமாட்டான் என்று அவ்வாண்டில் தம் தம்பியிடம் தாம் கூறியதை, 1908ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் புகழின் உச்சியில் நின்றபோது வில்பரே ஒப்புக்கொண்டார். வீடு திரும்பிய பின் இருவரும் பறத்தலைப்பற்றி மிகுதியாகப் பேசவில்லை என்று அவர்கள் தங்கை காதரீன் எழுதினார்.

இவ்விடத்தில் அவர்கள் கதை முடிந்திருக்கலாம். அவ்வாறு முடிந்த கதைகள் உலகில் எண்ணற்றவை. அவற்றை எவரும் எழுதி வைப்பதில்லை. முடியாமல் தடுத்தது ஒரு கடிதம். சிகாகோ நகரில் பொறியாளர் கழகத்தின் முன் தம் சோதனைகளைப்பற்றிப் பேசவேண்டுமெனச் சனூட் வில்பரை அழைத்திருந்தார். வில்பர் தயங்கினார், தங்கை காதரீன் விடாது வற்புறுத்தினார். செப்டம்பர் 18ஆம் நாள் அவர் பேசினார். பிறர் முன் பேசவேண்டுமாயின், எது உறுதி, எது ஐயம் என்று தம்மைத்தாமே வினவிக்கொள்ள வேண்டும் அன்றோ? அவ்வாறு வினவியபோதுதான், தவறு தங்கள் கைவேலையில் இல்லாமல், தாங்கள் நம்பிய எண்களில் இருத்தல் கூடும் என்னும் ஐயம் வலுத்தது.

காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட அக்காலத்துப் பொறியாளர் பலரும் ஓர் எண்ணைக் கையாண்டனர். ஜான் ஸ்மீட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1759ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வோடு வழங்கிவந்தது அது. அதன் மதிப்பு 0.005. நூற்றாண்டுக்கு மேலாகப் புத்தகங்களில் அச்சாகி வந்த எண்ணை ஐயுறுவார் யார்? மிதிவண்டிக் கடைக்காரர் இருவர் ஐயுற்றனர். மிதிவண்டியின் முன்புறத்தில் ஒரு சக்கரத்தைக் கிடையாகப் பொருத்தி, அதில் சிறு சிறகு ஒன்றையும் தட்டையான தகடு ஒன்றையும் கட்டி, டேடன் தெருக்களில் வேகமாக ஓட்டிப் பார்த்தனர். பழைய கணக்கு பொருந்தவில்லை. பின்னர் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதனுள் விசிறியால் காற்றைச் செலுத்தினர். அரம்பத் தகட்டின் துண்டுகளாலும் மிதிவண்டிக் கம்பிகளாலும் நுண்ணிய தராசு செய்தனர். உள்ளங்கையளவே ஆன சிறகு வடிவங்கள் ஏறத்தாழ இருநூற்றை, அக்குளிர்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தனர்.

உண்மை வெளிப்பட்டது. உலகம் நம்பிய 0.005 மிகையான எண். சரியான மதிப்பு ஏறத்தாழ 0.0033. லிலியந்தால் வகுத்த அட்டவணை பெரும்பாலும் சரியானதே. ஆனால், அவருடைய சிறகின் வடிவத்திற்கே அது பொருந்தும். நீளம் மிகுந்து அகலம் குறைந்த சிறகே நன்கு தூக்கும் என்பதும் தெளிவாயிற்று. 1902ஆம் ஆண்டில் 32 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள சிறகுகளோடு அவர்கள் மீண்டும் அதே குன்றுக்குச் சென்றனர். பின்புறம் திருப்புவால் ஒன்றையும் சேர்த்தனர். எதிர்ப்பக்கம் சுழலும் குறை அதனால் நீங்கியது. அவ்வாண்டு எழுநூற்றுக்கும் ஆயிரத்துக்கும் இடைப்பட்ட முறை பறந்தனர். மிக நீண்ட பறப்பு 622 அடியையும் கடந்தது. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், எந்திரம் பூட்டிய விமானத்தில் ஆர்வில் 12 விநாடி பறந்தார். ஐம்பது ஆண்டு என்று கூறிய இரண்டே ஆண்டு, நான்கு திங்களில் அது நிகழ்ந்தது!

எந்திரமில்லாப் பறத்தலும் உலகை விட்டு மறைந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகல்லோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் சமையலறைத் திரைத்துணியைத் தைத்து, சட்டமில்லாமல் காற்றால் மட்டுமே விரியும் பட்டம் ஒன்றைச் செய்தனர். அந்த வடிவத்திலிருந்தே இன்றைய ஹேங் கிளைடர் வளர்ந்தது. லிலியந்தாலைப் போலவே அதன் ஓட்டியும் சிறகின்கீழ்த் தொங்கி, உடலை நகர்த்தியே திசை மாற்றுகிறார். இந்தியாவில் இமயச் சாரலில் உள்ள பீர், பில்லிங் மலைப்பகுதி இத்தகைய பறத்தலுக்குப் பெயர்பெற்றது. 2015ஆம் ஆண்டில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடைபெற்றது. பறப்போர் யாவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. விடியலில் எழுந்து, சிறகைச் சுமந்து மலையேறி, தோழர்களோடு நாளெல்லாம் காத்திருந்து, காற்று அமையாமல் நடந்தே இறங்கிவரும் நாட்களும் உண்டு. அன்று பறவாமல் இறங்கத் தெரிந்தவரே மறுநாள் பறப்பதற்கு உயிரோடு இருப்பவர்.

இனி, வைகைக் கரையில் விட்டுவந்த சிறுவனிடம் திரும்பலாம். வேலை முடித்துக் காற்று வாங்க வந்த முதிய நெசவாளர் ஒருவர், மணலில் கிடந்த பட்டத்தைக் கண்டு அவன் அருகில் அமர்ந்தார்.

“என்ன தம்பி, முகம் வாடியிருக்கிறதே?”

“காற்று சரியில்லை, தாத்தா. பட்டம் குட்டிக்கரணம் போடுகிறது.”

முதியவர் பட்டத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “மற்றப் பட்டங்கள் இதே காற்றில்தானே பறக்கின்றன? சூத்திரக்கயிற்றை எந்த அளவில் கட்டினாய்?”

“சென்ற ஆண்டுப் பட்டத்திற்குக் கட்டிய அளவுதான், தாத்தா. எல்லாரும் அப்படித்தான் கட்டுகிறார்கள்.”

“எல்லாரும் கட்டுவது சிறு பட்டம். உன் பட்டம் பெரிது. துண்டு நெய்யும் அச்சில் புடவை நெய்ய முடியுமா? துணியில் பிசகு கண்டால் நெசவாளி தறியை உடைப்பதில்லை, தம்பி. எந்த இழையில் பிசகு என்று விரலால் தடவிப் பார்ப்பான்.”

சிறுவன் கயிற்றை அவிழ்த்தான், முடிச்சை மேலே ஏற்றிக் கட்டினான், வாலையும் நீட்டினான். பட்டம் எழுந்தது; ஆடியது; முன்னிலும் சற்று அதிக நேரம் நின்றது; பிறகு சாய்ந்து விழுந்தது. மறுமுறை விடுவதற்குள் பொழுது சாய்ந்து காற்றும் அடங்கிவிட்டது. ஆனைமலைக்கு மேலே வட்டமிட்ட பருந்துகளும் கூடு திரும்பிவிட்டன.

அன்று அவன் வெற்றி பெறவில்லை. ஆயினும், வீட்டிற்குப் போகும்முன் ஒரு செயல் செய்தான். முடிச்சு இருந்த பழைய இடத்தையும் புதிய இடத்தையும் மூங்கிற்சிம்பில் கரித்துண்டால் குறித்துக்கொண்டான். ஏமாந்த நாள் வீணான நாளாவதும், பயன்பட்ட நாளாவதும் அத்தகைய ஒரு சிறு குறியைப் பொறுத்தனவே.